அடக்கமாக இருந்தால்

லா குர்னெவ். சனிக்கிழமை, பத்தரை மணி.
மதாம் லின்னின் தபாக் கடையில்
கோப்பி இயந்திரம் கனைக்கிறது.
வென்சேன் பந்தயத் தாளை நாலாய் மடித்து
என் முன்னால் வைக்கிறார் பரராசசிங்கத்தார்:
"வாசி. இண்டைக்கு ஆர்?"

பிரெஞ்சு வாசிக்கத் தெரிந்த பாவத்துக்கு
ஆறு வருசமாய் நான் இவர்களின் சாத்திரி.
குதிரையில் ஏறியதில்லை.
இரவில் கோழி வெட்டுகிறேன்,
பகலில் குதிரைகளின் எதிர்காலம் சொல்கிறேன்.

பதினாறு குதிரை. இரண்டாயிரத்து எழுநூறு மீற்றர்.
ஒரே ஆண்டில் பிறந்தவை எல்லாவற்றுக்கும்
ஒரே எழுத்தில் பெயர் தொடங்கும்,
பள்ளிக்கூட இடாப்பு மாதிரி.
நாலாம் இலக்கத்துக்கு
"நாலு காலிலும் லாடம் இல்லை" என்று குறிப்பு.
"வெறுங்காலோடையோ? நேர்த்தி வைச்சிருக்கு,"
என்கிறான் கெங்காதரன்.
நேர்த்திக்காகவே இரண்டு யூரோ கட்டுகிறான்.

பதினொன்று: முழங்கால் நோவுக்குப் பிறகு முதல் ஓட்டம்.
இரண்டு: நல்ல இனம், சோம்பல்.
"எங்கட மச்சானை எழுதியிருக்கினம்."

பிறகு ஒன்பது.
பெயர் ஜிவ்ர், உறைபனி என்று அர்த்தம்.
ஒன்றுக்கு இருபத்துமூன்று.
ஒற்றை வரிதான் எழுதியிருந்தான் கணிப்பாளன்:
அடக்கமாக இருந்தால் ஆச்சரியப்படுத்தலாம்.

இது நடைப் பந்தயம். பின்னால் இரண்டு சில்லு வண்டி,
வண்டியில் ஒரு மனிதன், கையில் வார்.
எவ்வளவு வேகமாகவும் நடக்கலாம்.
நாலுகால் பாய்ச்சல் எடுத்தால் வெளியே.
இதை முதன்முதலில் நான் விளக்கிய அன்று
பரராசசிங்கத்தார் தேத்தண்ணியைக் கீழே வைத்தார்:
"ஓடினதுக்காக
ஓட்டத்தில இருந்து கலைக்கிறாங்களோ?"

"ஒன்பதுக்கு என்ன போட்டிருக்கு?"
வாசலில் பஸ் வந்து நின்றது.
அவசரமா, சலிப்பா,
அவர் முகத்தில் கிடந்த மூன்று மாத வேலையில்லாமையா,
எதுவென்று தெரியாது.
"ஆச்சரியப்படுத்தும் எண்டு போட்டிருக்கு," என்றேன்.

ஒரு 'ஆல்' விகுதியை விழுங்கினேன்.
ஒரு 'லாம்' விகுதியைத் துப்பினேன்.
கணிப்பாளன் பிழைப்பதே அந்த இரண்டில்தான்:
மழை பெய்தால், உள்வட்டம் கிடைத்தால்,
முன்னால் போகிறது களைத்தால், வெல்லலாம்.
காசு கட்டுகிறவன் காதுக்கு
விகுதிகள் கேட்பதில்லை என்று
என்னையே தேற்றிக்கொண்டேன்.

சீட்டுக் காசில் ஐம்பது எடுத்தார்.
மதாம் லின் ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள்,
இயந்திரம் சீட்டைத் துப்பியது.

இரண்டு மணிக்குத் திரையில்
கரும்புழுதித் தடம்.
கடைசி வளைவு வரை ஒன்பது ஐந்தாவது.
பிறகு வெளிப்பக்கமாக, யாரோ கதவைத் திறந்ததுபோல,
நான்கு, மூன்று, இரண்டு.
கெங்காதரன் தன் நேர்த்திக் குதிரையை மறந்து
ஒன்பதுக்குக் கத்தினான்.
முன்னால் எவரும் இல்லை.
எண்பது மீற்றர்.

அப்போதுதான் அதற்குப் பொறுக்கவில்லை.
கழுத்தை நீட்டியது.
நான்கு காலும் ஒரு கணம் மண்ணில் இல்லை.
வார் இழுபட, வண்டிக்காரன் பின்னால் சாய,
பாய்ந்தது, பாய்ந்தது,
கோட்டைத் தாண்டியும் பாய்ந்தது.

பலகையில் ஒன்பது இல்லை.
முதலாவதாய் நாலு, வெறுங்கால்.
கெங்காதரனுக்குச் சிரிக்கப் பயம்.

"அண்ணை," என்று தொடங்கினேன்,
"அதில ஒரு சொல்லு..."
அவர் கேட்கவில்லை.
திரையில் மறுபடி மெதுவாய்க் காட்டினார்கள்,
குற்றத்தை நிரூபிக்க.
சீட்டைக் கிழிக்காமல் கையில் வைத்தபடி பார்த்தார்.

"என்ன ஓட்டம் ஓடினது, பாத்தியே,"
என்றார், எனக்கல்ல.

பிறகு நாளைய தாளைக் கேட்டார்.
இன்னும் வரவில்லை.
வந்தால், என்றாள் மதாம் லின், எடுத்து வைக்கிறேன்.